பி.ஏ. வரலாறு: சேருவதற்கு முன்னால் போடவேண்டிய வரவு செலவுக் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கே என் கடை வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறகு டிஎன்பிஎஸ்சி (அரசுப் பணித் தேர்வு), டிஆர்பி (அரசு ஆசிரியர் தேர்வு) என்று ஒரே பிள்ளை பத்து வருஷம் என் கடைக்கு வந்துபோகும். நானும் வரலாறு படித்தவள். 2004இல் பி.ஏ. சேர்ந்து 2007இல் முடித்தேன். அப்புறம் பி.எட்., தபால் வழியில் எம்.ஏ. அதனால் பாடப்பிரிவைத் தேர்வு செய்யும் கட்டம் திரையில் வந்ததும், "ஹிஸ்டரி எடுத்தா என்னம்மா கிடைக்கும்?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

"ஒண்ணும் கிடைக்காது" என்பவர்களும் உண்டு. "கலெக்டர் ஆகலாம்" என்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. நான் போடுவேன். எப்படிப் போடுவது என்று 2025 மே மாதம் வந்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். நீங்கள் உங்கள் வீட்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

வந்தவர் சென்ட்ரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். சட்டைக் கையில் சிமெண்டு காய்ந்திருந்தது. கூட மகள். நான்கு பாடத்தில் 400க்கு 268. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. அவளுக்கு வரலாறு வேண்டும். அவர் பாக்கெட்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸ் இருந்தது. ஹாஸ்டல், சாப்பாடு போகக் கையில் 12,000 என்று அதில் போட்டிருந்தது.

கையிலிருந்து போகும் பணம்

ஜெராக்ஸ் கெட்டுப்போன ஒரு தாளைத் திருப்பி நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் செலவு.

அரசுக் கல்லூரிக் கட்டணமும் இரண்டு பருவத் தேர்வுக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு 4,000 என்று வைத்தோம். புத்தகம், ஜெராக்ஸ், துணிமணி 4,000. பெண் பிள்ளை, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. மதியச் சோறு வீட்டிலிருந்து. டீ, பன் என்று நாளைக்கு 20 ரூபாய், 180 நாளுக்கு 3,600. ஆக வருஷத்துக்கு 11,600. மூன்று வருஷத்துக்கு 34,800.

அவர் போன் ரீசார்ஜையும் சேர்க்கச் சொன்னார். நான் சேர்க்கவில்லை. படித்தாலும் படிக்காவிட்டாலும் ஆகிற செலவைப் படிப்பின் தலையில் ஏற்றக் கூடாது. வீட்டுச் சாப்பாடும் அப்படித்தான்.

அடுத்து கழித்தல். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வங்கிக் கணக்குக்கு வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். சேர்ந்த முதல் மாதமே பணம் வந்துவிடும் என்று கணக்கு வைக்காதீர்கள். பதிவு, சரிபார்ப்பு என்று சில மாதம் ஓடிவிடும். 32 மாதம் என்று வைத்தேன், 32,000.

மீதி 2,800. "மூணு வருஷப் படிப்பு மூவாயிரம் ரூவாய்க்கா?" என்றார் அண்ணன்.

"இன்னும் முடியலண்ணே" என்றேன்.

வராமல் போகும் பணம்

இந்த வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. மகள் கல்லூரிக்குப் போகிற மூன்று வருஷமும் சம்பாதிக்க மாட்டாள். அந்தச் சம்பளமும் படிப்புக்குக் கொடுக்கிற விலைதான்.

நோட்டீஸில் இருந்த 12,000ஐ அப்படியே 36ஆல் பெருக்கக் கூடாது. அந்தப் பெண் அங்கே இருந்தால் அவளுக்கும் செலவு உண்டு. வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். "எட்டாயிரம் அனுப்பலாம்" என்றார். அவர் ஊரிலிருந்து அப்படிப் போன பெண்கள் எத்தனை மாதம் தாங்கினார்கள் என்று கேட்டேன். அவர் வாய்க்குள்ளேயே பெயர்களைச் சொல்லி விரல் மடக்கினார். பாதிக்கு மேல் ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, கல்யாணம். திரும்பி வந்தவர்கள் டவுனில் ஜவுளிக் கடைக்குப் போகிறார்கள். அதில் வீட்டுக்கு 5,000 மிஞ்சும்.

18 மாதம் எட்டாயிரம், 1,44,000. மீதி 18 மாதம் ஐயாயிரம், 90,000. கூட்டினால் 2,34,000. அதோடு அந்த 2,800. இந்த வீட்டுக்கு பி.ஏ. வரலாற்றின் விலை 2,36,800.

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வீட்டுக்கும் இதே எண் வராது. கல்லூரிக்கு அனுப்பாவிட்டால் பிள்ளை வீட்டில் சும்மாதான் இருக்கும் என்றால், இந்த வரியில் பூஜ்ஜியம். அப்பாவின் கடையை மகன் பார்த்துக்கொள்கிறான் என்றால், அவனுக்குப் பதில் வைக்கும் ஆளின் கூலி இங்கே வரவேண்டும். உண்மையை எழுதினால் போதும்.

இதே வரலாற்றை ஒரு சுயநிதிக் கல்லூரியில் படித்தால், கட்டணம் 30,000, கல்லூரி பஸ் 15,000 என்று வைத்தாலும் மூன்று வருஷத்தில் அதற்கே 1,35,000. கிடைக்கிற பட்டம் அதே, எழுதுகிற தேர்வும் அதே. வரலாற்றுக்காக அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள், நகையை அடகு வைத்து ஒருபோதும் கட்டாதீர்கள். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ முதல் கலந்தாய்வில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த கட்டம் வரை பொறுங்கள். சேர்ந்த பிள்ளைகள் வேறு படிப்புக்குப் போகப் போக இடம் காலியாகும். கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

வரவுப் பக்கம்: எந்த வேலையை வரலாற்றுக் கணக்கில் எழுதலாம்

வலது பக்கம் வரவு. இங்கே ஒரு கண்டிப்பு வேண்டும். "குரூப் ஃபோர் பாஸ் பண்ணி விஏஓ ஆனான், அவன் ஹிஸ்டரிதான்" என்பார்கள். சந்தோஷம். ஆனால் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே எழுதியிருக்கலாம். அந்தச் சம்பளத்தை பி.ஏ. பட்டத்தின் வரவாக எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். அதே சமயம் 18 வயது ஆனதுமே எழுதலாம் என்பதால், கல்லூரி முதல் வருஷத்திலிருந்தே அதை எழுதத் தொடங்கச் சொல்வேன். விஏஓ பதவிக்கு மட்டும் 21 வயது ஆகவேண்டும்.

பட்டம் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிற வேலைகள் இரண்டு வகை. எந்தப் பட்டமும் சரி என்பவை ஒரு வகை: குரூப் 1, குரூப் 2, 2ஏ, போலீஸ் எஸ்.ஐ., வங்கித் தேர்வுகள், எஸ்எஸ்சியின் பட்டதாரித் தேர்வு, ரயில்வேயின் பட்டதாரிப் பணிகள், யுபிஎஸ்சி. இவற்றை வரவுப் பக்கத்தில் பாதி மனதோடுதான் எழுதவேண்டும். ஏனென்றால் பி.காம். படித்தவரும் அதே வரிசையில் நிற்கிறார்.

வரிசை எவ்வளவு நீளம்? 2025 குரூப் 4 அறிவிக்கையில் 3,935 இடம், விண்ணப்பித்தவர்கள் 13.89 லட்சம். ஓர் இடத்துக்குச் சுமார் 353 பேர். அதே வருஷம் குரூப் 2, 2ஏ சேர்த்து 645 இடம், விண்ணப்பம் ஐந்தரை லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு 850 பேர். விண்ணப்பித்த எல்லோரும் ஒழுங்காகப் படித்துவிட்டு வருவதில்லை, அது என் கடையிலேயே தெரிகிறது. ஹால் டிக்கெட் எடுக்கவே வராதவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் இந்த எண்ணைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகவேண்டும்.

வரலாறு படித்தவருக்கு இந்தத் தேர்வுகளில் முன்கை உண்டா என்று கேட்பார்கள். கொஞ்சம் உண்டு. சிந்துவெளியிலிருந்து தேசிய இயக்கம் வரை அவர் ஏற்கெனவே ஒரு தடவை படித்துவிட்டார். ஆனால் குரூப் 4 வினாத்தாளை எடுத்துப் பாருங்கள்: 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவுக் கணக்கு. வரலாறு அந்த 75க்குள் ஒரு பங்கு. எங்கள் பிள்ளைகள் கோட்டைவிடுவது அந்த 25 கணக்கில். தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், வேலையும் நேரமும். பத்தாம் வகுப்போடு கணக்கைத் தலைமுழுகிவிட்டு வரலாற்றுக்கு வந்த பிள்ளை முதல் வருஷத்திலிருந்து தினமும் அரைமணி கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

இரண்டாவது வகை, வரலாற்றைப் பெயர் சொல்லிக் கேட்கும் வேலைகள். பி.ஏ., பி.எட்., அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அதன் மேல் டிஆர்பியின் போட்டித் தேர்வு என்று தாண்டினால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். சம்பள விகிதம் 36,400இல் தொடங்குகிறது, மேலே அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும். எம்.ஏ., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் ஆனால் 36,900. எம்.ஏ.வோடு நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்) இருந்தால் கல்லூரி உதவிப் பேராசிரியர், தொடக்கம் 57,700. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்று இன்னும் சில உண்டு. கீழடிக்குப் பிறகு ஊரெல்லாம் தொல்லியல் ஆசை. எனக்கும் அது பிடித்த ஆசைதான். ஆனால் இடம் மிகக் குறைவு, எம்.ஏ.வுக்குப் பிறகு தனிப் பயிற்சியும் வேண்டும். பிள்ளைக்கு மண்ணில் கை வைக்கும் ஆசை உள்ளபடியே இருந்தால் மட்டும் அதை எழுதுங்கள்.

ஆசிரியர் வழிக்குக் கூடுதல் செலவை இடது பக்கம் மறக்காமல் எழுதவேண்டும். நான் படித்தபோது பி.எட். ஒரு வருஷம். 2015இலிருந்து இரண்டு வருஷம். அரசு பி.எட். கல்லூரியில் இடம் கிடைக்காமல் வெளியே படித்தால் அந்தக் கட்டணமும், இன்னும் 24 மாதம் வராமல் போகும் சம்பளமும் சேரும். அந்தப் பெண்ணின் கணக்கில் இதைச் சேர்த்ததும் விலை மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பலருக்குத் தெரியாத ஒரு வழி இதில் இருக்கிறது. நெட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜேஆர்எஃப் கிடைத்து, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000 உதவித்தொகை. வரலாற்றில் படிக்கும்போதே சம்பளம் மாதிரிப் பணம் வரும் வழி இதுதான். பொதுவாக 30 வயதுக்குள், பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருஷம் சலுகை. ஆனால் நெட் வரலாற்று வினாத்தாள் தமிழில் வராது, ஆங்கிலமும் இந்தியும்தான். இது அடுத்த விஷயத்துக்குக் கொண்டுபோகிறது.

தமிழ் வழியா, ஆங்கில வழியா

கல்லூரி விருப்பம் பதியும் திரையில் ஒரே கல்லூரியில் 'வரலாறு தமிழ் வழி', 'வரலாறு ஆங்கில வழி' என்று இரண்டு பெட்டி இருக்கும். முக்கால்வாசிப் பேர் "ஏதோ ஒண்ணப் போடும்மா" என்கிறார்கள். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவேன். இந்த ஒரு டிக் மார்க்கில் பெரிய பணம் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2010இல் சட்டம் வந்தது. 2020இல் திருத்தம் வந்தபிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரைக்கும் முழுக்கத் தமிழ் வழியாக இருக்கவேண்டும். குரூப் 2 எழுத நினைத்தால் பட்டமும் தமிழ் வழி. இன்ஜினீயரிங் படித்துவிட்டு வரிசையில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆங்கில வழி. அவர்களால் இந்த 20 சதவீதத்துக்குள் வர முடியாது. 850 பேர் நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஆள் குறைவான ஒரு தனி வரிசை போல இது. என் கணக்கில், அரசுப் பள்ளித் தமிழ் வழிப் பிள்ளைக்கு பி.ஏ. வரலாறு தரும் மிகப்பெரிய பண மதிப்பு இதுதான். வரலாறு தமிழில் நன்றாகப் படிக்கவும் எழுதவும் வரும் பாடம், பல அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழி உண்டு, செலவு குறைவு. மூன்றும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

அதனால் நான் சொல்வது இப்படி. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி, குறி தமிழ்நாடு அரசு வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தமிழ் வழி. நடுவில் ஒரு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தால் அந்த ஒதுக்கீடு ஏற்கெனவே கை நழுவிவிட்டது. அவர்கள் ஆங்கில வழி எடுப்பது நல்லது. நெட், வெளிமாநிலப் பல்கலைக்கழகம், சட்டம் எல்லாவற்றுக்கும் உதவும். தமிழ் வழியில் படித்து நெட் ஆசையும் இருக்கிற பிள்ளை, பி.ஏ. படிக்கும்போதே ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.

பட்டத்துக்குப் பிறகு ஓடும் வருஷங்கள்

இதுவரை போட்ட விலை எல்லாம் பட்டம் வாங்கும்வரை. என் அனுபவத்தில் பெரிய செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது. அதற்கு ரசீது கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன். பி.எட்.க்கு அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. 2008இல் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தேன், சம்பளம் 4,500. "அரசு வேலை வரும் வரைக்கும்" என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு முதன்முதலாக வந்தது. அந்த ஜூலையில் 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். கடைசி முப்பது கேள்வியை நான் படிக்கவே இல்லை. அக்டோபரில் மறுபடி எழுதினேன், அப்போது மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். 2013 ஆகஸ்டில் இன்னொரு தடவை. அப்போது தேர்ச்சிக்கு 90 வேண்டியிருந்தது, மூன்றாவது தடவை எனக்கு 79. அப்புறம் இரண்டு வருஷம் டிஎன்பிஎஸ்சி. 2015இல் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை போட்டேன். முதல் வருஷமே மாதம் 9,000 மிஞ்சியது. பள்ளியில் அத்தனை வருஷம் கழித்து நான் வாங்கியது 7,000.

நான் அந்தக் கடையை 2011இல் போட்டிருந்தால் என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அந்த வருஷங்களில் நான் வாங்கிய சம்பளத்தோடு சராசரியாக மாதத்துக்கு 4,000 வித்தியாசம், 48 மாதம், 1,92,000. என் பி.ஏ.க்கு ஆன மொத்தச் செலவைவிட அது பல மடங்கு. தேர்வு எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. எப்போது நிறுத்துவது என்று ஒரு தேதி என்னிடம் இல்லை, அதுதான் வருத்தம். ஒவ்வொரு அறிவிக்கையும் "இந்தத் தடவை" என்று சொல்லும். குரூப் 2இல் பெரும்பாலான பதவிகளுக்குப் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இனத்தவருக்கு மேல் வயது வரம்பே இல்லை. அது பெரிய வசதி. ஆனால் நிறுத்தச் சொல்ல வெளியில் யாரும் இல்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. 38 வயதில் என் கடைக்கு வந்து விண்ணப்பம் போடுகிறவர்களின் கையெழுத்து எனக்கு மனப்பாடம்.

அதனால் சேருவதற்கு முன்பே தேதி எழுதவேண்டும். நான் சொல்லிக்கொடுப்பது: பட்டம் முடித்து ஒரே ஒரு வருஷம் முழுநேரப் படிப்பு. அதற்குப் பிறகு ஏதாவது சம்பளத்தில் இருந்துகொண்டுதான் படிப்பு. ஒரே தேர்வின் மூன்று அறிவிக்கையை ஒழுங்காக எழுதியும் முதல்நிலைகூடத் தாண்டவில்லை என்றால் அந்தத் தேர்வை விட்டுவிடு. விடும்போது கையில் இன்னொன்று தயாராக இருக்கட்டும். மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும். வழக்கறிஞராகப் பதியும் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் கூடாது, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூலக அறிவியல் உண்டு. வெளிநாட்டு மொழி ஒன்று பேச வந்தால் சுற்றுலா வழிகாட்டி வேலை உண்டு, சித்தன்னவாசலும் திருமயமும் செட்டிநாடும் எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன.

சேருவதற்கு முன் நாலு பேரைப் பாருங்கள்

என்னுடைய எண்களையும் அப்படியே நம்பவேண்டாம். சேரப்போகிற அதே கல்லூரியில், அதே துறையில், எட்டுப் பத்து வருஷம் முன்னால் முடித்த ஒருவரைப் பிடியுங்கள். அவர் வகுப்பில் எத்தனை பேர், இப்போது யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். "நல்லா இருக்காங்க" என்பது பதில் இல்லை. எங்கள் வகுப்பில் 36 பேர். ஏழு பேர் அரசுச் சம்பளத்தில் இருக்கிறார்கள். அதில் வரலாற்றுப் பட்டத்தால் ஆசிரியர் ஆனவர்கள் இரண்டு பேர், மற்ற ஐந்து பேரும் எந்தப் பட்டமும் போதும் என்ற தேர்வில் போனவர்கள். ஒருவர் வழக்கறிஞர். மூன்று பேர் சிங்கப்பூர் போய்வந்தார்கள். மீதிப் பேர் விவசாயம், கடை, தனியார் பள்ளி, வீடு. இப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தால் யாரும் உங்களை ஆசைகாட்டவும் முடியாது, பயமுறுத்தவும் முடியாது.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். சில கல்லூரிகளில் 'வரலாறும் சுற்றுலாவும்' என்பது போலப் புதுப் பெயர்கள் வைத்திருப்பார்கள். ஆசிரியர் பணிக்குப் போகும்போது அது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் அந்த அரசாணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதேபோல் பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசை உடையக் கூடாது.

எனக்கு வரலாறு கொடுத்த சம்பளம்

அந்தப் பெண் கடைசியாகக் கேட்டாள்: "உங்களுக்கு ஹிஸ்டரி யூஸே ஆகலையாக்கா?"

அலமாரியிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினேன். முந்தின வாரம் ஒரு பெரியவர் கொண்டுவந்த பழைய பத்திரத்தின் நகல். மஞ்சளாகிப் போன முத்திரைத் தாள், கூட்டெழுத்து, தேதி இருக்கவேண்டிய இடத்தில் 'பசலி 1352'. இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார், என்ன வருஷம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு, அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம். 1352ம் 590ம் 1942. ஜூலையில் பசலி தொடங்கும் என்பதால் 1942 ஜூலையிலிருந்து 1943 ஜூனுக்குள். அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு சேர்ந்தது. அதனால் அந்தக் காலத்துப் பதிவை எங்கே போய்த் தேடுவது, மனுவில் எந்த வார்த்தையைப் போடுவது என்பதே வேறு. இனாம் நிலம் (வரி தள்ளிக் கொடையாக விட்ட நிலம்) என்ற சொல்லைப் பார்த்ததும் எந்தக் கேள்வியை முதலில் கேட்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பத்திரம் எழுத எனக்கு உரிமம் இல்லை, அது உரிமம் உள்ளவர்கள் வேலை. படித்துச் சொல்வதும், மனு எழுதுவதும், எந்த ஆபீசுக்குப் போகவேண்டும் என்று சொல்வதும் என் வேலை. சுற்றியுள்ள ஊர்களில் பழைய காகிதம் என்றால் என்னிடம் வருகிறார்கள். வந்தவர்கள் பட்டா, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் விண்ணப்பம் எல்லாவற்றையும் என்னிடமே கொடுக்கிறார்கள். என் வருமானத்தில் பத்தில் மூன்று பங்கு இப்படி வருவது. எங்கள் பேராசிரியர் நிலவருவாய் முறைகளை நடத்தியபோது, இது எனக்குச் சோறு போடும் என்று நினைத்ததே இல்லை.

ஆனால் இதையும் அந்தத் தாளில் எழுத நான் விடவில்லை. இது முன்கூட்டிக் கணக்கில் வைக்க முடியாத வரவு. வந்தால் வரட்டும்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். இடது பக்கம் 2,36,800. அதன் கீழே பி.எட். சேர்ந்தால் என்று தனி வரி. வலது பக்கம் குரூப் 2, தமிழ் வழி ஒதுக்கீடு, ஆசிரியர். தேதி என்று எழுதி இடம் விட்டிருந்தேன். "மூணு வருஷம் எப்படியாச்சும் ஓட்டிருவேன். அதுக்குப் பொறவு?" என்று மகளைக் கேட்டார். அவள் பேனாவை வாங்கி அந்த இடத்தில் '2031 ஜூன்' என்று எழுதினாள். பட்டம் முடித்து மூன்று வருஷம். அவராகவே தாளை நான்காக மடித்து நோட்டீஸ் இருந்த பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து இரண்டு ஊர் கல்லூரிகளையும் சேர்த்து விருப்பம் பதிந்தோம். முதல் விருப்பம் வரலாறு, தமிழ் வழி. பதிவுக் கட்டணம் 50 ரூபாய். கிளம்பும்போது ஒரு விஷயம் மட்டும் திரும்பச் சொன்னேன்: மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் அன்றே, தமிழ் வழியில் படித்ததற்கான சான்றையும் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். தொடக்கப் பள்ளியிலும், உயர்நிலைப் பள்ளியிலும், தனித்தனியாக. ஐந்தாறு வருஷம் கழித்து அதற்காக அலைகிறவர்கள் நிறைய. "தொடக்கப் பள்ளி ஹெச்.எம். இந்த மாசம் ரிட்டயர்டாகுறாங்கக்கா" என்றாள் பெண். அப்படியானால் நாளைக்கே போங்கள் என்றேன்.